நீடித்த வளர்ச்சி: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் வாசகசாலையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவோம். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ரப்பர் பால் எடுப்பவர்கள், கடற்கரை ஊர்களிலிருந்து இரண்டு மூன்று பேர் என்று வருவார்கள். கிராம சபைக்கு வந்த தாளில் 'நீடித்த வளர்ச்சி இலக்குகள்' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து ஒருவர் அர்த்தம் கேட்டார். அன்று தொடங்கிய பேச்சு பல மாதம் ஓடியது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரே வரியில் சொன்னால் நீடித்த வளர்ச்சி என்பது என்ன?

இன்று வாழ்கிறவர்களின் தேவை நிறைவேற வேண்டும். அதற்காக, இனிப் பிறக்கப் போகிறவர்கள் தங்கள் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் வழியை நாம் அடைத்துவிடக் கூடாது. 1987-ல் ஐ.நா. ஆணையம் ஒன்று கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான். எங்கள் கூட்டத்தில் இதை வாசித்தபோது ஒரு பெரியவர், "விதைநெல்லக் குத்தித் திங்காதேன்னு சொல்லுகான், அவ்வளவுதானே" என்றார். பெரும்பாலும் சரிதான். ஆனால் பசித்த வீட்டில் விதைநெல்லைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்றால் என்ன செய்வது? அந்தக் கேள்வியும் இந்தக் கருத்துக்குள்ளேயே இருக்கிறது. பலர் விட்டுவிடும் பாதி அதுதான்.

நீடித்த, நிலையான, பேண்தகு... எது சரியான சொல்?

மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. இலங்கைத் தமிழர்கள் 'நிலைபேறான அபிவிருத்தி' என்பார்கள். எனக்குப் பிடித்தது 'பேண்தகு'. பேணுவதற்கு ஓர் ஆள் வேண்டும். குளம் தானாக நிலைத்து நிற்பதில்லை. வருஷா வருஷம் யாரோ பேணுவதால் நிற்கிறது. ஆனாலும் வாசகருக்குப் பழகிய சொல் 'நீடித்த' என்பதால் அதையே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

உண்மையான சிக்கல் அடுத்த சொல்லில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அளவு பெருப்பதற்கு ஒரு சொல், நிலை மேம்படுவதற்கு இன்னொரு சொல். தமிழில் இரண்டையும் 'வளர்ச்சி' என்றே எழுதுகிறோம். பத்திரிகையில் 'பொருளாதார வளர்ச்சி இத்தனை சதவீதம்' என்று படித்துப் பழகியவர், 'நீடித்த வளர்ச்சி' என்றதும் நிற்காமல் பெருத்துக்கொண்டே போகும் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறார். அது இந்தக் கருத்துக்கு நேர் எதிரானது! ஹெர்மன் டேலி என்ற அமெரிக்கப் பொருளியலாளர் உலக வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே இந்த வேறுபாட்டை வலியுறுத்தி எழுதினார். நம் வழக்கில் சொல்வதென்றால், பிள்ளை இருபது வயது வரை வளர்கிறது. அதற்கு மேல் உயரம் கூடுவதில்லை. ஆள் தேறுகிறான், தொழில் கற்கிறான், பக்குவப்படுகிறான். இருபதுக்கு மேலும் உடம்பு வளர்ந்துகொண்டே போனால் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நீடித்த வளர்ச்சியில் வரும் வளர்ச்சி, இந்தத் தேறுதல்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

இந்த யோசனை முதலில் எங்கே பிறந்தது?

எழுத்தில் தெளிவாகக் கிடைக்கும் பழைய இடம் ஒரு காடு. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வெள்ளிச் சுரங்கங்களுக்கு அதிகாரியாக இருந்தவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். சுரங்கத்துக்குத் தாங்குமரம் வேண்டும், வெள்ளி உருக்க விறகும் கரியும் வேண்டும். வெட்டி வெட்டி அக்கம்பக்கத்துக் காடு தீர்ந்துபோனது. மண்ணுக்குள் வெள்ளி இருந்தும் அதை உருக்க விறகில்லாத நிலை வந்தது. 1713-ல் அவர் எழுதிய காட்டியல் நூல், மரம் மீண்டும் வளர்ந்து வரும் அளவுக்கே வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தில் நட வேண்டும் என்று சொன்னது. நம் பக்கத்துக் கணக்கில், திருவிதாங்கூர் டச்சுக்காரரைத் தோற்கடித்த குளச்சல் போருக்கு 28 ஆண்டுகள் முன்பு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர் காட்டின் மேல் உள்ள அன்பினால் மட்டும் எழுதவில்லை. தொழில் நின்றுபோகுமே என்ற கவலையில் எழுதினார். அதனாலேயே அந்தக் கணக்கு கறாராக இருக்கிறது: முதலைத் தொடாதே, வட்டியை எடு.

நம் முன்னோருக்கு இதெல்லாம் தெரிந்ததுதானே? குளம் வெட்டியவர்கள்தானே?

தெரியும். நம் மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் வழியே அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும்படி சங்கிலியாக அமைத்திருக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கிடைக்கும் மண் இது. அதற்கேற்ப நெல்லிலும் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கோடையில் குளத்து வண்டலை அள்ளி வயலிலும் விளையிலும் போட்டார்கள். குளமும் ஆழமானது, மண்ணும் உரமேறியது. ஒரே வேலையில் இரண்டு பலன்.

ஆனால் இதில் ஒரு பாதியை மட்டும் சொல்லிப் பெருமைப்படுவது எனக்கு ஒப்பவில்லை. அந்தக் குளத்தில் இறங்கி மண் சுமந்தவர்களில் எத்தனை பேருக்குக் கூலி கிடைத்தது? திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்ற பெயரில் கூலியில்லா வேலை வாங்கும் வழக்கம் இருந்தது. இதே மண்ணில் பெண்கள் மாராப்புச் சேலை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. அரசரின் அறிவிப்பு 1859-ல்தான் வந்தது. தண்ணீரைப் பங்கிடத் தெரிந்த சமூகம் மரியாதையைப் பங்கிடவில்லை. இன்று நாம் சொல்லும் நீடித்த வளர்ச்சியில் குளம் நிலைப்பது எவ்வளவு முக்கியமோ, குளத்தின் தண்ணீர் யார் யாருக்குப் போகிறது என்பதும் அவ்வளவு முக்கியம். பழைய ஏற்பாட்டிலிருந்து மடையையும் மறுகாலையும் எடுத்துக்கொள்ளலாம். ஊழியத்தை எடுத்துக்கொள்ள முடியாது.

தமிழ்நாட்டிலிருந்து இந்தச் சிந்தனைக்குப் பங்களித்த ஒருவர் பெயரைச் சொல்லவேண்டும் என்றால் ஜே.சி. குமரப்பாவைச் சொல்வேன். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர், காந்தியுடன் கிராமத் தொழில்களுக்காக உழைத்தவர். நிலைத்திருக்கும் பொருளாதாரம் பற்றிச் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய நூல் 1945-ல் வந்தது. ஐ.நா. ஆணையத்துக்கு 42 ஆண்டுகள் முன்பு! தேங்கிக் கிடப்பதைத் தோண்டித் தீர்க்கும் பிழைப்பு வேறு, ஆண்டுதோறும் ஓடி வருவதை வைத்து நடத்தும் பிழைப்பு வேறு என்று பிரித்துப் பார்த்தவர் அவர்.

1972-ல் என்ன நடந்தது?

இரண்டு காரியங்கள். கிளப் ஆஃப் ரோம் என்ற குழுவுக்காக மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் கணினியில் கணக்குப் போட்டு, 'வளர்ச்சிக்கு எல்லைகள்' என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். மக்கள்தொகை, தொழில் உற்பத்தி, மாசு எல்லாம் இதே வேகத்தில் பெருகினால் பூமி தாங்காது என்றது அது. அதே ஆண்டு ஜூனில் ஸ்டாக்ஹோமில் ஐ.நா.வின் மனிதச் சூழல் மாநாடு கூடியது. ஜூன் 5-ஐ உலகச் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாடுவது அதிலிருந்து வந்ததுதான்.

அங்கே இந்திரா காந்தி பேசினார். வறுமையையும் தேவையையும் விடப் பெரிய மாசு வேறு எது என்ற பொருளில் அவர் கேட்ட கேள்வி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சிலர் அதைச் சூழலுக்கு எதிரான பேச்சு என்று நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. குடிசைக்குக் குடிநீரும் வெளிச்சமும் கொடுக்காமல் காட்டைக் காப்பாற்று என்று சொன்னால் அது நடக்காது என்றுதான் அவர் சொன்னார். விதைநெல்லைத் தவிர வேறு ஒன்றும் இல்லாத வீட்டின் பக்கம் நின்று கேட்ட கேள்வி அது.

1987 ஆணையத்தை ஏன் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்?

அதுவரை இரண்டு கூட்டம் எதிரெதிரே நின்றது. எல்லை உண்டு, நிறுத்து என்றது ஒன்று. ஏழைகள் இன்னும் தொடங்கவே இல்லை, எப்படி நிறுத்துவது என்றது மற்றொன்று. 1980-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட உத்தியில் 'நீடித்த வளர்ச்சி' என்ற தொடர் வந்துவிட்டது, ஆனால் அதில் இயற்கைப் பாதுகாப்பின் பக்கமே தூக்கலாக இருந்தது. 1983-ல் ஐ.நா. ஓர் ஆணையம் அமைத்து, நார்வேயின் முன்னாள் பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்டைத் தலைவராக்கியது. அவர் மருத்துவர். நான்கு ஆண்டு வேலைக்குப் பிறகு 1987-ல் 'நமது பொது எதிர்காலம்' என்ற அறிக்கை வந்தது.

முதல் பதிலில் நான் சொன்ன விளக்கத்தோடு பெரும்பாலான பாடப் புத்தகங்கள் நிறுத்திவிடுகின்றன. அறிக்கை அங்கே நிற்கவில்லை. அந்த வரிக்கு அடுத்தபடியாகவே இரண்டு கருத்துகளைச் சேர்க்கிறது. ஒன்று 'தேவை': குறிப்பாக உலகின் ஏழைகளின் அடிப்படைத் தேவை, அதற்கே முதலிடம் என்கிறது. இரண்டு 'எல்லை': இயற்கை எவ்வளவு கொடுக்க முடியும் என்பதற்கு, நம் தொழில்நுட்பமும் சமூக அமைப்பும் இருக்கும் நிலையைப் பொறுத்து ஓர் எல்லை உண்டு. இரண்டாவதில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. நாம் செய்யும் விதத்தை மாற்றினால் எல்லையைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியும். முதலாவதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. வசதி உள்ளவனின் ஆசையையும் இல்லாதவனின் தேவையையும் ஒரே தராசில் நிறுக்காதே.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு: விளக்கத்தை எழுதியதும் இந்த இரண்டையும் கட்டாயம் எழுதுங்கள்.

அதற்குப் பிறகு?

1992-ல் ரியோ டி ஜெனீரோவில் புவி உச்சி மாநாடு. 27 கோட்பாடுகள் கொண்ட அறிவிப்பும், 'நிகழ்ச்சி நிரல் 21' என்ற செயல்திட்டமும் அங்கே ஏற்கப்பட்டன. காலநிலைக்கும் உயிரினப் பன்மைக்குமான உடன்படிக்கைகள் கையெழுத்துக்கு வைக்கப்பட்டன. 2000-ல் வறுமையையும் நோயையும் குறைக்க 8 புத்தாயிர இலக்குகள். 2015 செப்டம்பரில் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகள், அவற்றுக்குள் 169 சிற்றிலக்குகள், கெடு 2030. புத்தாயிர இலக்குகள் ஏழை நாடுகளுக்கு என்று எழுதப்பட்டவை. 2015-ல் வந்தவை எல்லா நாடுகளுக்கும். இந்த மாற்றம் முக்கியமானது. பணக்கார நாடும் திருந்த வேண்டிய நாடுதான் என்று ஏட்டிலாவது ஒப்புக்கொண்டார்கள்.

கடலில் இதற்கு என்ன அர்த்தம்? மீனை எண்ண முடியாதே.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் குளச்சல் பக்கத்தைச் சேர்ந்த ஒரு தம்பி. விசைப்படகில் போகிறவர். இதற்கு மட்டும் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் நீடித்த வளர்ச்சியைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் கடற்கரைதான்.

1953-ல், நாமெல்லாம் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தபோது, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கியது. எந்திரம் பொருத்திய படகு, குளிர்பதனம், பிறகு இழுவைமடி என்ற இழுத்துச் செல்லும் வலை என்று தென்மேற்குக் கரைக்கு எல்லாம் வந்தன. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. பிடிப்பு ஏறியது. அதைத்தான் அன்று வளர்ச்சி என்றார்கள், அப்படிச் சொன்னதில் பிழையும் இல்லை. பல வீடுகளில் ஓடு ஏறியது அந்தப் பணத்தில்தான். ஆனால் இழுவைமடி கடலின் அடித்தரையைத் துழாவிக்கொண்டு போகும். முட்டை, குஞ்சு, மீன் ஒதுங்கும் பார் என்ற கடலடிப் பாறை, எதையும் பார்க்காது. கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் தகராறு முற்றியது. 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையை ஒட்டிய கடலைக் கட்டுமரங்களுக்கும் நாட்டுப் படகுகளுக்கும் ஒதுக்கியது.

1989 ஏப்ரலில் மீனவர்கள் ஒரு பெரும் நடைப்பயணம் நடத்தினார்கள். ஒரு கூட்டம் வங்கக் கரையிலிருந்து, இன்னொரு கூட்டம் மேற்குக் கரையிலிருந்து. நீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்பது முழக்கம். இரண்டும் மே 1 அன்று சேர்ந்த இடம் நம் கன்னியாகுமரி. புருண்ட்லாண்ட் அறிக்கை வந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஊர் ஊராக நடந்துவந்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? ஆனால் அதில் உள்ள 'தேவை', 'எல்லை' என்ற இரண்டையும் அவர்கள் ஒரே முழக்கத்தில் வைத்திருந்தார்கள். இந்தக் கருத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஸ்டாக்ஹோம், ரியோ என்று எழுதிவிட்டுக் கன்னியாகுமரியை விட்டுவிடுவது எனக்கு வருத்தம்தான்.

இப்போது மீன்பிடித் தடைக்காலத்துக்கு வருவோம். 2001-ல் தமிழ்நாட்டில் 45 நாளாகத் தொடங்கி, 2017-ல் 61 நாளானது. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டும் நடப்பது நம்மிடம்தான். சின்னமுட்டம் படகுகள் கரையேறிக் கிடக்கும்போது குளச்சலிலும் முட்டத்திலும் படகு போகும்; பிறகு அப்படியே மாறும். நாட்டுப் படகுக்கும் கட்டுமரத்துக்கும் தடை இல்லை. மீன் இனம் பெருகும் பருவத்தில் மடியை நிறுத்தி வைப்பதுதான் நோக்கம். கார்லோவிட்ஸ் காட்டுக்குப் போட்ட அதே கணக்கு: முதல் பெருகட்டும், பிறகு வட்டியை எடு.

போதுமா என்றால், போதாது. ஒரு நாள் விடியற்காலை மீன்பிடித் துறைமுகம் ஒன்றில் நின்றிருந்தேன். கணவாய் ஒரு பக்கம், வாளை ஒரு பக்கம், சங்கரா ஐஸ் போட்டுத் தனியாக. ஏலக்காரரின் குரல் அந்தப் பக்கம் மட்டும்தான். ஓரத்தில், ஐஸ்கூட இல்லாமல், விரல் நீளத்துக்குப் பொடிமீன் குவியலாகக் கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அதிலும் வாளையின் குஞ்சு, சங்கராவின் குஞ்சு. கண் மட்டும் பெரிதாக, உடம்பு கண்ணாடி போல. மண்வெட்டியால் அள்ளி லாரியில் போட்டார்கள், தீவனத்துக்கு அரைக்கப் போகிறது. பக்கத்தில் கூடையோடு நின்ற ஒரு அம்மா சொன்னார்: "இதுவள இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா கையளவு வந்திருக்கும்லா மக்களே." மீனை எண்ண முடியாது, சரி. ஆனால் கரைக்கு வரும் மீனின் நீளத்தை அளக்க முடியும். வரும் மீன் வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே போனால், நாம் வட்டியை விட்டு முதலிலேயே கை வைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

ஹெர்மன் டேலி இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். ஒரு காலத்தில் பிடிப்புக்கு வரம்பு படகின் எண்ணிக்கை. மீன் நிறைய, படகு குறைவு. இன்று வரம்பு மீன்; இனிப் படகு கூட்டுவதால் பிடிப்பு கூடாது. எது குறைவாக இருக்கிறதோ அதில்தான் முதலீடு செய்ய வேண்டும் என்றார். 17 இலக்குகளில் 14-ஆவது கடலுக்கானது. அளவுக்கு மீறிப் பிடிப்பதை 2020-க்குள் நிறுத்துவது என்று அதில் ஒரு சிற்றிலக்கு இருந்தது. அந்தக் கெடு நிறைவேறாமலே கடந்துவிட்டது.

சுற்றுச்சூழல், சமூகம், பொருளாதாரம் என்ற மூன்று தூண்கள்?

வகுப்பில் விளக்க வசதியான படம். ஒன்றை மறந்துவிடாதபடி நினைவூட்டும், அந்த அளவுக்கு நல்லது. தூண் என்றதும் மூன்றும் சம உயரம், ஒன்று கொஞ்சம் தேய்ந்தால் மற்றது தாங்கும் என்று தோன்றிவிடுகிறது. குளம் வற்றினால் குளத்துப் பாசனச் சங்கம் எதைத் தாங்கும்? ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் வரைவதே சரி என்பது என் எண்ணம்: வெளியே இயற்கை, அதற்குள் சமூகம், அதற்குள் பொருளாதாரம்.

மலையை உடைத்துக் கல் விற்ற பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினால் அது நீடித்த வளர்ச்சிதானே?

பொருளியலில் இதற்கு இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று, மொத்தச் சொத்து குறையாமல் இருந்தால் போதும். மலை போனாலும் பள்ளிக்கூடமும் படித்த பிள்ளையும் வந்தால் கணக்குச் சரி என்கிறது. இதை இளக்கமான நிலைப்பு என்பார்கள். மற்றது, சிலவற்றுக்கு மாற்றே கிடையாது, அவற்றைத் தொடாமல் வைக்க வேண்டும் என்கிறது. அது கறாரான நிலைப்பு.

எண்ணெய், நிலக்கரி போன்றவற்றில் முதல் வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மலையில் எனக்கு அது ஏற்கவில்லை. நம் பக்கத்து மலை வெறும் கல் குவியல் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையும் அதன் அடிவாரக் குன்றுகளும் மழை மேகத்தைத் தடுத்து இறக்குகின்றன, பெய்த நீரைப் பாறை இடுக்கில் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகின்றன. பள்ளிக்கூடக் கட்டிடம் அந்த வேலையைச் செய்யாது. அப்புறம், கல் விற்ற பணம் உண்மையிலேயே பள்ளிக்கூடம் ஆனதா என்பதும் தனிக் கேள்வி. இரவு முழுக்கக் கேரள எல்லை தாண்டிப் போகும் டாரஸ் லாரிகளின் பாதையில் வீடு இருப்பவர்களிடம் கேட்டால், தூசியும் உடைந்த ரோடும் தங்களுக்கு வந்தது என்பார்கள்.

வயலை மனையாக விற்கும் விவசாயி குற்றவாளியா?

இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்தது. கோதையாற்றின் குறுக்கே 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணையிலிருந்து இன்றும் ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறக்கிறார்கள். கால்வாய் இருக்கிறது, குளம் இருக்கிறது, இருந்தும் நெல்வயல் பெருமளவு சுருங்கிவிட்டது. முதலில் வாழையும் தென்னையும் வந்தன. பிறகு கல் நட்டார்கள். நம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் (2011 கணக்கு). வீட்டுக்கு இடம் வேண்டும் என்ற தேவை பொய்யல்ல.

ஒரு வயல் எப்படிச் சாகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நடுவில் இருந்த ஒருவர், மகள் கல்யாணத்துக்காகப் பத்து சென்ட் விற்றார். வாங்கியவர் மண்ணடித்து உயர்த்திச் சுற்றுச்சுவர் கட்டினார். சுவர் வந்த இடத்தில்தான் பக்கத்து வயலுக்குப் போகும் சின்ன மடை. அது அடைபட்டது. கடைவயல்காரர் ஒரு பூ தரிசாகப் போட்டார். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மனு கொடுத்தார், பதில் வரவில்லை. அடுத்த வருஷம் அந்த வயலில் கோரை முளைத்தது. மூன்றாம் வருஷம் அவரும் விற்றார். அவர் விற்றது ஆசையினால் இல்லை, தண்ணீர் வரவில்லை. மழைக்காலத்தில் முன்பு வயல் வாங்கி வைத்த தண்ணீர், இப்போது புது வீட்டுக்காரரின் வாசலில் நிற்கிறது. அவரும் கஷ்டப்படுகிறார்.

புருண்ட்லாண்ட் விளக்கத்தில் 'சமூக அமைப்பு' என்று ஒரு சொல் வந்ததே, அதன் பொருள் இதுதான். வயல் என்பது தனித்தனிப் பட்டா. தண்ணீர் என்பது மொத்த ஏலாவுக்கும், அதாவது வயல்வெளி முழுவதற்கும் பொது. பொதுவானதைக் காக்க ஆள் இல்லாவிட்டால், ஒவ்வொருவரும் நியாயமாக நடந்துகொண்டே எல்லோரும் சேர்ந்து இழப்போம். விற்றவரைத் திட்டுவதில் பயன் இல்லை. நெல்லுக்குக் கட்டுப்படியாகும் விலையும், மடையை அடைத்தால் அன்றே கேட்க ஓர் அமைப்பும் இருந்திருந்தால் அந்தக் கடைவயல் இன்றும் பச்சையாக இருந்திருக்கும்.

ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் நல்ல உதாரணம்தானே?

ஆமாம், மலைக் கணவாய் வழியே வரும் காற்றை வைத்து முப்பந்தலைச் சுற்றி எழுந்த காற்றாலைகள் புகையில்லாத மின்சாரம் தருகின்றன. காற்று எடுக்க எடுக்கக் குறையாது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. சில வகைக் காற்றாலைகளின் காந்தங்களுக்கு நியோடிமியம் போன்ற அரிய மண் தனிமங்கள் வேண்டும். அவை உள்ள மோனசைட் மணல் எங்கே கிடைக்கிறது? நம் மணவாளக்குறிச்சிக் கரையிலும். ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-லேயே அங்கே அதைக் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியமும் இருப்பதால் கதிர்வீச்சு பற்றிய கவலை கரையோர மக்களுக்கு உண்டு. மணல் போனால் கடல் உள்ளே வரும் என்ற பயமும் உண்டு. உலகத்துக்குத் தூய மின்சாரம், ஒரு கரைக்கு மட்டும் சுமை என்றால் கணக்கில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. அந்த ஊர்க்காரர்களின் சம்மதமும், வெளிப்படையான உடல்நலக் கணக்கெடுப்பும் இல்லாமல் தோண்டுவதை நான் நீடித்த வளர்ச்சி என்று ஏற்கமாட்டேன்.

பணக்கார நாடுகள் வளர்ந்துவிட்டு நமக்கு மட்டும் புத்தி சொல்கிறதா?

அந்தக் கோபம் நியாயமானது, ரியோ அறிவிப்பின் 7-ஆம் கோட்பாடே அதை ஏற்றுக்கொள்கிறது: பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் சமமாக அல்ல. இதையே மாவட்டத்துக்குள்ளும் பொருத்திப் பார்க்க வேண்டும். கட்டுமரக்காரருக்கும் பெரிய விசைப்படகு முதலாளிக்கும் ஒரே அளவு பொறுப்பு என்று சொன்னால், நாமும் அதே தப்பைச் செய்கிறோம்.

இதற்குச் சட்ட பலம் உண்டா, வெறும் உபதேசமா?

உண்டு. அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுக்கு எதிராக வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு. நீடித்த வளர்ச்சி, கெடுதல் உறுதியாகத் தெரியும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்ற கோட்பாடு ஆகியவை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. கெடுதல் வராது என்று நிரூபிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் மேல் வைத்தது. பின்னர் 2010-ல் வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், தீர்ப்பாயம் இந்த மூன்றையும் பின்பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது.

எல்லாக் கம்பெனியும் எல்லாத் திட்டமும் இதே சொல்லைப் போட்டுக்கொள்கின்றன. எதை நம்புவது?

சொல்லை விட்டுவிட்டுக் கணக்கைக் கேளுங்கள். நான் எந்தத் திட்ட அறிக்கையைப் பார்த்தாலும் முதலில் தேடுவது, எதை எடுக்கிறார்கள், அது எவ்வளவு வேகத்தில் திரும்ப உருவாகும் என்பது. மணலுக்கும் மலைக்கும் அந்த விடை நம் ஆயுளுக்குள் வராது. பிறகு, லாபம் யாருக்கு, சேதம் யாருக்கு, இருவரும் ஒரே ஊர்க்காரர்களா என்று பார்ப்பேன். கடைசியாக, அங்கே வாழ்கிறவர்களிடம் தொடங்கும் முன்பே கேட்டார்களா, வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழி இருந்ததா. இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையம் என்று 2016-ல் பேச்சு வந்தபோது கடற்கரை ஊர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட இவைதான்.

17 இலக்குகளுக்கும் எங்கள் ஊராட்சிக்கும் என்ன தொடர்பு?

ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகம் 17 இலக்குகளையும் 9 கருப்பொருள்களாகத் தொகுத்து ஊராட்சிகளுக்குக் கொடுத்திருக்கிறது. வறுமையற்ற ஊர், நீர் நிறைந்த ஊர், குழந்தைகளுக்கு உகந்த ஊர் என்பது போல. நம் மாவட்டத்தின் எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் இது பொருந்தும். உங்கள் ஊராட்சி எந்தக் கருப்பொருளை எடுத்திருக்கிறது என்று கிராம சபையிலேயே கேட்கலாம்.

கிராம சபையில் நான் ஒருவன் எழுந்து என்ன கேட்பது?

பெரிய கேள்வி வேண்டாம். உங்கள் ஊர்க் குளத்தின் சர்வே எண்ணைச் சொல்லி, வருவாய்த் துறையின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் அதன் பரப்பு எவ்வளவு என்று வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு, இப்போது அளந்தால் எவ்வளவு இருக்கும், சர்வேயரை எப்போது கூப்பிடலாம் என்று கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் ஊரில் அப்படித்தான் தொடங்கினோம். கேட்டவர் அந்தக் கடைவயல்காரர். குளத்தின் தென்கரையில் மறுகால் இருந்த இடத்தைப் புலப்படத்தில் காட்டினார்கள். நேரில் போனால் அங்கே காட்டாமணக்குப் புதர், அதற்குள் பாதி மண்ணில் புதைந்த ஒரு கருங்கல் படி. நான்கு பேர் சேர்ந்து ஒரு காலை முழுக்க வெட்டி எடுத்தோம். அடுத்த கூட்டம் நவம்பர் 1, இந்த மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். அன்றைக்குச் சர்வேயர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.